முப்பதாவது தாள்

அந்தச் சிலேட்டுக் கற்கள் மொத்தம் மூன்று. ஒவ்வொன்றையும் நகர்த்த மூன்று ஆண்கள் தேவைப்பட்டார்கள். ஒரு சனிக்கிழமை காலையில் அவை எங்கள் வீட்டு முன், தெருவோரப் புல்லின் மேல் கிடந்தன. ஏதாவது குழந்தை காலில் இழுத்துப் போட்டுக்கொள்ளுமோ என்ற பயத்தில் நான் நான்காவது தடவையாக வெளியே வந்து நின்றேன்.

நியூ ஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டரில் என் மகன் கார்த்திக் வாங்கிய வீட்டின் பேஸ்மென்டில், பழைய சொந்தக்காரர் கோலால் பந்தாடும் ஒரு பூல் டேபிளை விட்டுவிட்டுப் போயிருந்தார். பச்சைத் துணியை உரித்தால் உள்ளே இந்தக் கற்கள். குப்பை வண்டிக்காரர்கள் இவற்றை எடுப்பார்களா மாட்டார்களா என்பது அன்றைய கவலை.

"மாமா, உள்ள வாங்க. கல்லு எங்கயும் ஓடிப் போகாது. காபி ஆறுது" என்றாள் மருமகள் நித்யா.

அப்போதுதான் எதிர்வீட்டு அம்மாள் தெருவைக் கடந்து வந்தார். குள்ளமான உருவம், சிவப்பு மழைக்கோட்டு, கையில் தடி. நாங்கள் குடிவந்து பதினோரு மாதங்களில் அவரோடு மூன்று முறை பேசியிருந்தேன். மூன்றும் குப்பைத் தொட்டி வைக்கும் நாள் பற்றியது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, உள்ளங்கையால் கல்லைத் தடவினார். பிறகு விரல் முட்டியால் தட்டி, பானை வாங்குகிறவரைப் போலக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இதைத் தூக்கிப் போடப் போறீங்களா?"

"ஆமாம். உங்களுக்கு எதற்கு?"

"படம் வெட்ட. எங்க ஊர்ல கல்லு கிடைக்காதப்ப, தெற்கேயிருந்து பழைய பூல் டேபிளைத்தான் கப்பல்ல வரவழைப்போம். இதைவிட நல்ல கல்லு கிடையாது."

அவர் பேசியது ஆங்கிலம். தமிழில் எழுதும்போது அவர் பேச்சு நம் வீட்டுப் பேச்சாகிவிடுகிறது; வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் பெயர் மியாலி. பள்ளிக்கூடத்தில் நாம் எஸ்கிமோ என்று படித்தோமே, அந்த வடதுருவப் பனிப்பகுதி மக்களில் ஒருவர். அந்தச் சொல்லை அவர்கள் விரும்புவதில்லை. இனுயிட் என்பதே அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்.

எதிர்வீட்டு கராஜ்

கார்த்திக்கும் அவன் நண்பர்கள் இருவரும் ஒரு கல்லைச் சக்கரப் பலகையில் ஏற்றி அவர் கராஜில் இறக்கினார்கள். நானும் பின்னாலேயே போனேன், யார் விரலாவது நசுங்கிவிடும் என்று.

அந்த கராஜில் கார் இல்லை. பிரிட்ஜ்வாட்டரில் கார் இல்லாத வீட்டை நான் பார்த்தது அந்த ஒன்றுதான். கண் மங்கியதால் ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு கண்களிலும் நடுப்பார்வை கரைந்துகொண்டிருந்தது. எதிரே நிற்பவரின் முகம் தெரியாது. தோளும் காதும் தெரியும். அதனால்தான் அவர் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. பதினோரு மாதங்களாக அதைத் திமிர் என்று நினைத்திருந்தேன்.

உளிகள் பதினேழு. மை உருளைகள் நான்கு. ஒரு மர மேசை. ஆளிவிதை எண்ணெய் வாசம். சுவரில் அவருடைய பழைய படங்கள்: நாய்கள், வாத்துகள், மீன் அறுக்கும் பெண்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையில், குபெர்டினோவுக்கு அருகே ஒரு கலைக்கூடத்தார் இவற்றை வாங்குகிறார்கள் என்றார்.

கல்லில் படத்தைத் தலைகீழாக, இடம் வலமாற்றி வெட்ட வேண்டும். மேடாக நிற்கும் பகுதியில் மை தடவி, மெல்லிய ஜப்பானியத் தாளை மேலே இறக்கி, பின்புறம் கையால் தேய்த்து எடுக்க வேண்டும். இயந்திரம் எதுவும் இல்லை.

"எங்க ஊர் அச்சுக்கூடத்துல நான் முதல்ல தரை பெருக்கினேன். அப்புறம் மை தடவினேன். வெட்டறது ஆம்பளைங்க வேலைன்னு மேஸ்திரி சொன்னார். உன் கை தோல் தைக்கிற கைன்னார்."

"பிறகு?"

"தோல் தைக்கிற கைக்குத்தான் எதை வெட்டணும், எதை விடணும்னு தெரியும்னேன். ஒரு வாரம் என்கூடப் பேசலை. அடுத்த வாரம் உளியைக் குடுத்தார்."

அங்கே வானிலை நிலையத்தில் வேலை பார்க்க வந்த அமெரிக்கரை மணந்துகொண்டு நியூ ஜெர்சி வந்தவர். கணவர் போய் எட்டு வருடம். ஒரே மகளும் அதற்கு முன்பே போய்விட்டாள். மிச்சம் ஒரே பேத்தி, லீனா. டெக்சாஸில் சுகர் லேண்டில் நர்ஸ்.

திரும்பி வராத கப்பல்

மியாலிக்கு ஐந்தோ ஆறோ வயது. கோடையில் கடற்கரையில் கூடாரம் போட்டிருந்தார்கள். அரசாங்கக் கப்பல் ஒன்று வந்தது. எல்லோரையும் ஏற்றி நெஞ்சைப் படம் பிடித்தார்கள். நெஞ்சில் காசநோய்ப் புள்ளி இருந்தவர்களைக் கரைக்குத் திரும்ப விடவில்லை. சொல்லிக்கொண்டு வரவும் விடவில்லை.

அப்படி நிறுத்தப்பட்ட மியாலியின் அம்மா கப்பல் கம்பியருகே நின்றார். அந்த ஊர்ப் பெண்கள் அணியும் மேலங்கியின் முதுகில் ஒரு பை இருக்கும். கைக்குழந்தையை அதில்தான் சுமப்பார்கள். மியாலியின் தம்பியை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார். அம்மா திரும்பி நின்றபோது பை காலியாகத் தொங்கியது.

இரண்டு குளிர்காலம் கழித்து, அம்மா தெற்கே ஏதோ ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாகப் பாதிரியார் சொன்னார். எந்த இடுகாட்டில் புதைத்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

இதை அவர் சொன்னபோது கையில் இருந்த உளியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஐம்பது வருஷமா கல்லு வெட்டறேன். அம்மாவை வெட்டினதில்லை. கண்ணு இந்தக் குளிர் தாண்டாதுன்னு டாக்டர் சொல்றார். இந்தக் கல்லுல அம்மா. அதோட முடிஞ்சுது."

முப்பது தாள்கள் மட்டும். அதில் கடைசித் தாள் சுகர் லேண்டுக்கு.

மகளே தாய்

லீனாவுக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தைக்கு அர்னாக் என்று பெயர். மியாலியின் அம்மாவின் பெயர்.

நமக்கும் இது புதிதல்ல. என் பேரனுக்கு என் அப்பாவின் பெயரைத்தான் வைத்தோம், வைத்தியநாதன். என் மனைவி இருந்தவரை மாமனார் பெயரை வாயால் சொல்லாமல் "கண்ணா" என்றே ஓட்டிவிட்டாள். நித்யாவுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. "வைத்தி, ஷூவை எடுத்து உள்ள வை" என்று அவள் கத்தும்போது எனக்கு இன்னும் திக்கென்கிறது.

மியாலியின் மக்களிடம் இது இன்னும் ஒரு படி மேலே. பெயரோடு உறவும் வந்துவிடும். தொலைபேசித் திரையில் அந்தக் குழந்தை தெரிந்ததும் மியாலி "அனானா" என்றார். அவர்கள் மொழியில் அம்மா. எழுபத்தாறு வயதுப் பெண், பல் முளைக்காத குழந்தையைப் பார்த்து அம்மா என்று கூப்பிட்டார். முகம் தெரிவதற்காகத் திரையைக் கண்ணின் ஓரத்துக்கு நகர்த்திப் பிடித்துக்கொண்டார்.

நித்யா அருகில் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் நேராக அடுப்பைப் பற்றவைத்தாள்.

என் வேலை

தாளை இறக்க இரண்டு பேர் வேண்டும். மியாலி இரண்டு மூலைகளைப் பிடிப்பார். எதிரே நான் இரண்டு மூலைகள். அவர் "ம்" என்றதும் இறக்க வேண்டும். பிறகு எண்ணிக்கை. அதை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

காரணம் உண்டு. புள்ளியியல் துறையில் முப்பத்தோரு வருடம் இருந்தவன் நான். ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அரக்கோணம் பக்கம் பம்ப்செட் அறையில் தனியாக இருந்த ஒரு கிழவரை விட்டுவிட்டோம் என்று தெரிந்து, இரண்டு பஸ் மாறிப் போய் அவரைச் சேர்த்துவிட்டு வந்தேன். "ஒரு ஆளால இந்தியா குறைஞ்சுடாதுய்யா" என்று மேலதிகாரி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் சரியாக வந்த ஒரு தாளை மியாலி எண்ணிக்கையில் சேர்க்காமல், சுவரில் இரண்டு குண்டூசிகளால் குத்தி வைத்தார். அது மாதிரித் தாள். மற்ற ஒவ்வொன்றையும் அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, மை அதே கறுப்பா, அம்மாவின் முதுகுப்பைக்குக் கீழே அதே சாம்பல் நீலமா என்று சொல்வது என் பொறுப்பு. அவர் விரலால் தாளின் ஓரத்தைத் தொட்டு அழுத்தத்தைச் சரிபார்ப்பார். பொருந்தாததை அங்கேயே கிழித்துவிடுவார்.

"நன்றாகத்தானே இருக்கிறது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நல்லாருக்கு. ஆனா அதே மாதிரி இல்லை. கீழ நான் எழுதற நம்பர் என் வாக்கு, மிஸ்டர் சாமி. இத்தனைதான் இருக்கு, எல்லாம் ஒண்ணுதான்னு குடுக்கற வாக்கு."

என் முழுப்பெயர் சுவாமிநாதன். அவர் வாயில் அது சாமி ஆகிவிட்டது.

ஆறு நாள் வேலை. நல்ல தாள்களை என் சட்டைப்பை நோட்டில் தினமும் குறித்தேன். ஐந்து, நான்கு, ஆறு, ஐந்து, நான்கு. காய்ந்ததும் பெட்டிக்குள் போய்விடும்.

இருபத்து நான்கும் ஆறும்

ஆறாம் நாள் மழை. கராஜ் கதவின் இடுக்கில் சாரல் அடித்தது. மாதிரித் தாள் இருந்த சுவரில் ஈரம் ஏறுவது போல எனக்குப் பட்டது. உண்மையில் ஏறியதா என்று இன்றும் சொல்ல முடியாது. குண்டூசிகளைப் பிடுங்கி, அந்தத் தாளைக் கொண்டுபோய், அன்று அச்சடித்தவை காய்ந்துகொண்டிருந்த கயிற்றில் கடைசியாகக் கிளிப் போட்டு மாட்டினேன்.

மியாலி கேட்டார்: "எத்தனை ஆச்சு?"

சட்டைப்பையைத் தொட்டேன். நோட்டு இல்லை. காலையில் கோவிலுக்குப் போன வழியில் நித்யாவின் காரில் விழுந்திருக்க வேண்டும். கார் அவளோடு ஆபீசில்.

பெட்டியில் எண்ணினேன், இருபத்து நான்கு. கயிற்றில் எண்ணினேன், ஆறு.

"முப்பது" என்றேன்.

அவர் உளியை எடுத்தார். கடைசித் தாள் எடுத்ததும் கல்லைக் கெடுத்துவிடுவது அவர்கள் அச்சுக்கூடத்து முறை. பிறகு யாரும் திருட்டுத்தனமாக ஒன்று அடிக்க முடியாது. மூலைக்கு மூலை இரண்டு கோடுகள் வெட்டினார். பிறகு தண்ணீர் விட்டு உப்புக்காகிதத்தால் தேய்த்தார். நான்தான் வாளியில் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் அந்த முதுகு, அந்தப் பை, கப்பல் கம்பி எல்லாம் சாம்பல் நிறக் குழம்பாகத் தரையில் ஓடின.

மறுநாள் காலை நித்யா நோட்டை மேசைமேல் வைத்தாள். பழக்கத்தில் முந்தின நாள் எண்ணிக்கையை எழுதப் போனேன். அடித்தது ஐந்து தாள்கள்தான் என்பது கைக்கு நினைவிருந்தது. ஐந்து முறை மூலையைப் பிடித்த கை. கயிற்றில் ஆறாவதாக இருந்தது, நானே மாட்டிய மாதிரித் தாள். கூட்டினேன். இருபத்தொன்பது.

காபியை வைத்துவிட்டு மறுபடி கூட்டினேன். ஒன்பது முறை கூட்டினேன்.

கல் போய்விட்டது. இன்னொன்று அடிக்க வழியில்லை. மூன்று நாள் கழித்து எண் எழுதிக் கையெழுத்துப் போடும் வேலை. அந்த மூன்று நாளும் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று தெருவின் இந்தப் பக்கமே நடந்தேன்.

அன்று நான் ஒவ்வொரு தாளாக நகர்த்தினேன். மியாலி பூதக்கண்ணாடியைக் கண்ணோரமாகப் பிடித்து, பென்சிலால் எழுதினார். முப்பதில் ஒன்று. முப்பதில் இரண்டு. பக்கத்தில் முக்கோணமும் வளைவுமாக அவர்கள் எழுத்தில் அவர் பெயர்.

"முப்பதும் இருக்கா?"

"இருக்கிறது."

"சுவத்துல இருந்தது?"

"அலமாரியில் வைத்துவிட்டேன்."

அவரிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மாதிரித் தாளை அடியில் வைத்திருந்தேன். மூலையில் இருந்த துளைகளை முந்தின நாளே நகத்தால் நீவி மூடியிருந்தேன். முப்பதில் முப்பது என்று அதில் எழுதினார். அதை நித்யாவே சுகர் லேண்டுக்கு கூரியரில் அனுப்பினாள்.

இரண்டு துளைகள்

அடுத்த வியாழக்கிழமை, பட்டப்பகலில், எங்கள் வீட்டு மணி அடித்தது. வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த நித்யா கதவைத் திறந்தாள்.

"ஆன்ட்டி! தனியா நடந்தா வந்தீங்க? ஒரு கால் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே."

மியாலி நேராக என் பக்கம் வந்தார். உட்காரவில்லை.

"லீனா போன் பண்ணினா. மேல் மூலையில ரெண்டு துளை இருக்காம். மாட்டறதுக்கு வசதியா பாட்டி போட்டுக் குடுத்திருக்காங்கன்னு சந்தோஷப்படறா. மிஸ்டர் சாமி, சுவத்துல இருந்த தாள் எங்க?"

நான் எழுந்து நின்றேன்.

"கணக்கு தப்பிவிட்டது. இருபத்தொன்பதுதான்."

"எப்பத் தெரியும்?"

"மறுநாள் காலையிலேயே."

"கையெழுத்து என்னிக்கு?"

"மூன்று நாள் கழித்து."

"அப்ப உங்களுக்கு மூணு நாள் இருந்துது." தடியை ஒருமுறை தரையில் ஊன்றினார். "என் அம்மாகிட்டப் பொய் போயிருக்கு. என் கையெழுத்தோட."

நித்யா என்னைப் பார்த்தாள். "மாமா, கார்த்திக்கோட மார்க் ஷீட்டையே நாலு தடவை கூட்டிப் பார்த்தவர் நீங்க. நீங்களா?"

நான் தலையாட்டினேன்.

அழிப்பது

கலைக்கூடத்துக்குப் போக வேண்டிய பெட்டி நல்லவேளையாக இன்னும் கிளம்பவில்லை. மியாலி அதைப் பிரிக்கச் சொன்னார். இருபத்தொன்பது தாள்களிலும் முப்பது என்பதை அழித்து இருபத்தொன்பது என்று எழுத வேண்டும்.

ரப்பரை என்னிடம் நீட்டினார். "அழிங்க." அதன் பிறகு அன்று என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை.

ஜப்பானியத் தாள் வெங்காயத்தோல் போல. கொஞ்சம் அழுத்தினால் நார் எழும்பிவிடும். மூன்று தாள் அழிப்பதற்கே எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. நித்யா பார்த்துவிட்டாள்.

"குடுங்க மாமா. மீட்டிங்கைக் கேன்சல் பண்ணிட்டேன்."

மிச்சம் இருபத்தாறையும் அவள் அழித்தாள். நான் துகள்களை இறகால் தள்ளினேன். மியாலி எழுதினார். கண் வலித்தால் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவார். பிற்பகல் முழுவதும் ஆயிற்று. கலைக்கூடத்துக்கு அவரே போன் செய்து, தாள்கள் இருபத்தொன்பது, எண்ணியதில் தவறு நேர்ந்துவிட்டது என்றார். யார் எண்ணியது என்று சொல்லவில்லை.

சுகர் லேண்டுக்குப் போனது ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. லீனா கேள்வி கேட்காமல் அனுப்பியிருந்தாள். மியாலி என்னைக் கூப்பிட்டனுப்பினார். போகும்போது வெறுங்கையாகப் போக மனமில்லாமல், ஒரு யோசனையோடு போனேன்.

அந்தத் தாளில் இருந்த எண்ணை அவரே அழித்துவிட்டிருந்தார்.

"இதில் 'மாதிரி' என்றாவது எழுதிவிடுங்கள்" என்றேன். "அல்லது பூஜ்யம். ஏதாவது ஒரு குறி வேண்டும். எண்ணிக்கையில் சேராத தாளை நாளைக்கு யாராவது போலி என்று சொல்லிவிடுவார்கள். தொலைந்தாலும் தேட வழி இருக்காது."

மியாலி முகத்தைத் திருப்பினார். என்னைப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

"எங்க பேரை எழுத அரசாங்கத்துக்கு வரலை. அதனால ஆளுக்கு ஒரு நம்பர் குடுத்தாங்க. ரூபாய்க் காசு அளவுல ஒரு வில்லை, கழுத்துல கட்டிக்கணும். அம்மா அதைக் கட்டிக்கிட்டுத்தான் கப்பல் ஏறினாங்க. கப்பல் லிஸ்ட்ல அந்த நம்பர் இருக்கு. ஆஸ்பத்திரி லிஸ்ட்ல இருக்கு. லீனா எழுதிக் கேட்டு ரெண்டையும் வாங்கியிருக்கா." தாளைத் தன் பக்கம் நகர்த்தினார். "நம்பரை அவங்க தொலைக்கவே இல்லை, மிஸ்டர் சாமி. அம்மாவைத்தான் தொலைச்சாங்க."

முப்பத்தோரு வருடத்தில் நான் நிரப்பிய படிவங்கள் எத்தனை என்பது எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை.

அவர் பென்சிலை எடுத்தார். நான் பூதக்கண்ணாடியைப் பிடித்தேன். எண் இருந்த இடத்தில் தன் எழுத்தில் அர்னாக் என்று எழுதினார். கொஞ்சம் தள்ளி, தன் பெயர். வேறு எதுவும் எழுதவில்லை.

பிறகு போனை எடுத்து லீனாவைக் கூப்பிட்டார். திரையில் குழந்தை வாயில் கைவிரலை வைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தது. மியாலி அதைக் கண்ணின் ஓரத்துக்கு நகர்த்திப் பிடித்து, "அனானா" என்று தொடங்கி, தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். மறுமுனையில் லீனா விசும்புவது கேட்டது.

போனை வைத்த பிறகு, "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் தாளின் மேல் மெல்லிய உறைத்தாளைப் போர்த்திக்கொண்டிருந்தார்.

"தாள் மறுபடி வருதுன்னு சொன்னேன். இந்தத் தடவை சரியா வரும்னு சொன்னேன்." உறைத்தாளின் ஓரத்தை விரலால் அழுத்தினார். "லேட்டாயிடுச்சு, கோவிச்சுக்காதேன்னேன்."